கவிப்பிரியா வைத்த போன்

கோவையில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் ரிஸ்வானா வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம், ஏற்காட்டில் அவள் அம்மா மைமூன் ஈர வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். சேலத்தில் ஆபரேஷன் முடிந்தது. அத்தா சையத் இப்ராஹிமுக்கு அந்த ஊரில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் மளிகைக்கடை. கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார முடியாது. அலுவலகத்தை நடத்தும் கலா மேடம், நாலு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்படி சொல்லி அனுப்பினார்.

வேலை வந்தது. வரைந்து அனுப்புவாள், சிவப்பு வட்டங்களோடு திரும்பி வரும். ஏன் தப்பு என்று யாரும் எழுதமாட்டார்கள். அலுவலகத்தில் இருந்தவரை அவள் கற்றதில் பாதி, காதில் விழுந்தது. பக்கத்து மேசையில் மேடம் யாரையாவது திருத்துவார். சைட்டிலிருந்து வந்த ஆள் குரலை உயர்த்துவார். வீட்டில் அந்தப் பேச்சு எதுவும் இல்லை. ஒரு சின்னச் சந்தேகத்துக்காக மேடத்தைப் போனில் கூப்பிடவும் கை வரவில்லை.

ஒருநாள் அலுவலகத் தோழி கவிப்பிரியாவிடம் போனில் சொல்லி அழுதுவிட்டாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு கவிப்பிரியாவே கூப்பிட்டாள்.

"போனை இப்படியே மேசைமேல வச்சிடறேன். நீ பேச வேண்டாம். கேட்டுக்கிட்டே வேலையப் பாரு."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். குளியலறைத் தரை ஏன் ஓர் அங்குலம் இறங்க வேண்டும், மேற்குச் சுவரில் ஜன்னல் ஏன் சிறுக்க வேண்டும் என்பதெல்லாம் மலையேறி வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் ஒரு காதில் கோவை இரைந்துகொண்டிருந்தது. சிவப்பு வட்டங்கள் குறைந்தன.

இரண்டாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, சைட் சூப்பர்வைசர் அண்ணாதுரையின் குரல் கேட்டது. ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் குறுக்கே பீம் வருகிறதாம். பத்தாவது படியிலிருந்து பீமுக்கு ஆறடிதான் உயரமாம், தலை இடிக்குமாம்.

"பீமுக்குச் சென்ட்ரிங் பலகை அடிச்சாச்சுங்க மேடம். நாளைக்குக் காங்கிரீட். யாருங்க இந்தப் படிய வரைஞ்சது?"

வரைந்தவள் ரிஸ்வானா. பீம் இடம் மாறிய புது டிராயிங்கைப் பார்க்காமல், பழையதை வைத்தே வரைந்திருந்தாள். அவள் கேட்பது அங்கே கவிப்பிரியாவைத் தவிர யாருக்கும் தெரியாது. சும்மா இருந்துவிடலாம். ஆனாலும் போனை வாயருகே இழுத்தாள்.

"மேடம், நான் ரிஸ்வானா பேசறேனுங்க. அது என் தப்புங்க."

அவள் நிறுத்தாமல் சொன்னாள். அது ஒரே நேராக ஏறும் படி, இன்னும் கட்டவில்லை. தொடங்கும் இடத்தை ஏறும் திசையிலேயே இரண்டு படி தள்ளினால் பீமுக்கு அடியில் ஏழடி கிடைக்கும். மேலே படி முடிகிற இடத்தில் நிற்க ஆறடி விட்டிருக்கிறது, அது நாலடியாகக் குறைந்தாலும் போதும்.

காகிதம் புரளும் ஓசை கேட்டது. பிறகு அண்ணாதுரை, "அது சரியா வருதுங்க" என்றார்.

அவர் போனதும் மேடம் இருவரையும் கண்டித்தார். வாடிக்கையாளர்கள் பேசும் இடத்தில், கேட்காமல் போனைத் திறந்து வைத்தது தப்பு என்றார். ரிஸ்வானா மன்னிப்புக் கேட்டாள். வேலை போய்விடும் என்றே நினைத்தாள். மேடம் சொன்னது வேறு.

"நாளையிலிருந்து என் மேசையில வை, கவிப்பிரியா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற மத்த ரெண்டு பேரையும் அதுல சேர்த்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை கவிப்பிரியா கோவையிலிருந்து சேலம் வந்து, அங்கே பஸ் ஏறி மலைக்கு வந்தாள். நன்றி சொல்லவென்று ரிஸ்வானா நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தாள். நேரில் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்த மைமூன்தான் பேசினாள்.

"எங்களுக்கு இந்த ஊடு கட்டற வேலையெல்லாம் ஒண்ணும் வெளங்காது கண்ணு. எம்புள்ள இங்க வந்து ஒரு மாசம் வாயே தொறக்கல. எனக்காகத்தான் இப்படி ஆயிருச்சேன்னு நொம்ப வேதனைப்பட்டேன். நீ பேச வச்சுட்டே. அல்லா உன்ன நல்லா வைப்பான் சாமி."

கவிப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். மதியச் சாப்பாட்டில் சையத் இப்ராஹிம் அவளுக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.