கவுண்ட்டர் வைத்த அறை

அன்று காலை அந்த அறைக்குள் இருந்தவர்கள்: புனிதா, அவளுடைய அப்பா துரைக்கண்ணு, அம்மா வெள்ளையம்மாள், தச்சர் ஆரோக்கியராஜ், அப்புறம் பதினோரு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. மூட்டைகளைத் தவிர மற்ற எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் சென்னைக் கம்பெனி ஒன்றில் புனிதாவுக்கு வேலை. எட்டு மாதம் ஹாஸ்டலில் தங்கி நைட் ஷிப்ட் பார்த்ததில் தூக்கமும் போனது, பசியும் போனது. இனி வீட்டிலிருந்தே, பகலிலேயே பார்க்கலாம் என்றது கம்பெனி. ஆனால் தனி அறை வேண்டும், கதவு பூட்ட வேண்டும், நோயாளிகளின் விவரம் வேறு யார் கண்ணிலும் படக்கூடாது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் சோதிப்பார்கள். தேறாவிட்டால் திங்கட்கிழமை மறுபடி ஹாஸ்டல்.

கிளியனூர் வீட்டில் கதவு வைத்து மிச்சமிருந்த ஒரே அறை இந்த மூட்டை அறைதான்.

புனிதா செல்போனில் ஒரு படம் காட்டினாள். முகத்தில் வெளிச்சம் விழும்படி வடக்கு ஜன்னலைப் பார்த்து மேஜை. முதுகுக்குப் பின்னால் வெளிர்பச்சைச் சுவர். ஒயர் ஒன்றும் வெளியே தெரியக்கூடாது.

"மூட்டைய எங்கடி போடறது?" என்றாள் வெள்ளையம்மாள்.

"உங்க கட்டிலுக்குக் கீழ."

"அப்ப நாங்க எலி கூட படுக்கணும்."

ஆரோக்கியராஜ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கூட்டுறவுச் சங்கத்துக்கு மேஜை செய்து கொடுத்தவர் அவர். "ஆபீஸ்தானே பாப்பா? ஜல்தியா முடிச்சுடறேன்," என்றார். அந்த இடத்திலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை சுழல் நாற்காலியும் பெயின்ட்டும் வாங்கத் திண்டிவனம் போய்விட்டு வந்தாள். மேஜை கச்சிதமாக இருந்தது. ஒயர்களை மறைக்க அடியில் ஒரு பெட்டி. ஆனால் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அரைவட்டமாக ஓர் ஓட்டை இருந்தது. வெளியே கை ஊன்றிக்கொள்ளப் பலகை வேறு.

"இன்னாண்ணே இது?"

"கவுண்ட்டர். கொத்தனார இட்டாந்து ஒடச்சேன். கவுண்ட்டர் இல்லாம இன்னா ஆபீஸு? ஜனம் உள்ள பூந்து உன் மேல வுழும்."

துரைக்கண்ணு பெருமையாக நின்றுகொண்டிருந்தார். "தெருவுல சொல்லிட்டேம்மா."

சொன்னது வீண் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது ஓட்டை வழியாக ஒரு கை ஆதார் கார்டை நீட்டியது. அடுத்த தெரு வெங்கடாசலம்.

"பேரு தப்பா கீது. திருத்திக் குடு."

"மாமா, இது அந்த ஆபீஸ் இல்ல. ஆஸ்பத்திரி பில்லு பாக்கற ஆபீஸ்."

"எங்க மாமியா கண்ணு ஆபரேசன் பில்லு கீது. எடுத்தாரட்டா?"

அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். புனிதா ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு இந்த ஓட்டை தெரிஞ்சா என் வேலை போயிடும். இல்ல, ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினு சாவணும். உங்களுக்கு எது வசதி?"

ஆரோக்கியராஜ் வந்தார். செங்கல் வைத்துப் பூசினால் நாளைக்குள் காயாது என்றார். சுவர் ஒன்றரை அடி கனம். வெளிப்பக்கம் தேக்குப் பலகையை வைத்து இறுக்கித் திருகினார். உள்பக்கம் மாடம் போல ஆன குழியில் இரண்டு தட்டுகள் பொருத்தி, மேலே மஞ்சள் விளக்குப் பட்டை ஒட்டினார். வெள்ளையம்மாள் ஒரு கண்ணாடி பாட்டிலில் மணி பிளான்ட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவள் போலப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் தேவயானி திரையில் வந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான்.

"பின்னாடி அந்த மாடம் அருமையா இருக்கே. டிசைனர் யாரு?"

"ஆரோக்கியராஜ், மேடம்."

"நம்பர் அனுப்புங்க. எனக்கும் ஒண்ணு வேணும்."

புனிதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அப்போது ஒரு தும்மல் கேட்டது.

"உள்ள யாரு?"

மூலையில், வெள்ளைச் சட்டை போட்டு, நின்ற இடத்தை விட்டு அசையாமல் துரைக்கண்ணு.

"அப்பா, மேடம்."

"அப்பாவா இருந்தாலும் உள்ள யாரும் இருக்கக் கூடாது. அனுப்பிட்டுக் கதவைப் பூட்டிக் காட்டுங்க. அதோட சோதனை முடிஞ்சுது, திங்கட்கிழமைலேர்ந்து வீட்லயே பாருங்க."

"என் வூட்லயே என்னைத் தொரத்தறாங்க," என்றார் துரைக்கண்ணு, தெருவுக்கே கேட்கும் குரலில். சிரித்துக்கொண்டேதான் போனார். புனிதா அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.