புள்ளி போட்ட சட்டைப் பை

அந்த வருஷத்து முதல் மழை ஐஸ்காரரின் இடது தோளில் மட்டும் பெய்தது. அவர் அப்போது தன் வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வெளியே தெருவில் நல்ல வெயில். சட்டையின் இடது தோள் மட்டும் நனைந்து கருத்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் ஒழுகியது. அவர் மனைவி தையல்காரி மெஷினை நிறுத்தாமலே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கூரையில் எங்கேயோ விரிசல் விட்டிருக்கும் என்றாள். கூரையில் விரிசல் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, தைக்கக் கொடுத்ததை வாங்கிப்போக ஊரின் மறுகோடியிலிருந்து பாட்டு டீச்சர் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தாள். அந்தப் பக்கம் பேய் மழையாம். அவள் போட்டிருந்த நீல மேல்சட்டை போன மாதம் தையல்காரி தைத்துக் கொடுத்தது. ஐஸ்காரரின் இடது தோளும் அதே நீலம். தையல்காரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு டீச்சருக்குத் தலை துவட்ட ஒரு துண்டும் புருஷனுக்கு ஒரு துண்டும் எடுத்துக் கொடுத்தாள்.

ஐஸ்காரர் என்றால் ஐஸ் விற்கிறவர் இல்லை. ஐஸ் ஆலையில் பாளங்களைக் கொக்கி போட்டு இழுத்து வண்டியில் ஏற்றுகிறவர். சாயங்காலம் வீடு திரும்பும்போது குளிரையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவார். கல்யாணமான புதிதில் அவர் கையைத் தொட்ட தையல்காரி, சுடுகிற பாத்திரத்தைத் தொட்டதுபோல் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவராகக் கையை நீட்டவில்லை, அவளாகத் தொடவும் இல்லை, அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. கடைச் சட்டை எதைப் போட்டாலும் அவருக்குப் படுக்கப் போகும்வரை பல் தந்தியடிக்கும். கம்பளி அரித்தது. கடைசியில் அவள் தன்னிடம் மிஞ்சிய துணிகளை எடுத்தாள். கைக்குட்டை அளவுக்கு மேல் மிஞ்சினால் அதைத் துணி கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது அவள் வழக்கம். அதற்கும் குறைந்தது அவள் மிச்சத் துணிப் பையில் சேரும். அந்தத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, பொத்தான் இல்லாமல், தலைவழியாக மாட்டிக்கொள்ளும்படி, வீட்டில் போட்டுக்கொள்ளத் தொளதொளவென்று சட்டை தைத்தாள். போட்டுப் பார்த்தவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "ம்" என்றார். அவர் பேச்சு அவ்வளவுதான். ஆனால் டீ டம்ளர் காலியாவதற்குள் அவர் உதட்டில் ரத்த ஓட்டம் வந்ததை அவள் பார்த்தாள். அதன் பிறகு அவருக்கு வேறு சட்டை வாங்கவே இல்லை.

விஷயம் இதுதான். வெட்டிய துணிக்குத் தன்னை வெட்டியது தெரியவில்லை. சட்டையாகப் போன பெரிய துண்டு எங்கே போனாலும், என்ன பட்டாலும், பையில் கிடந்த சின்னத் துண்டும் அதையே பட்டது. ஓட்டல் சமையல்காரர் அடுப்படியில் நின்றால் ஐஸ்காரரின் வயிற்றுப் பக்கம் இதமாகச் சுட்டது. பஸ் டிரைவரின் சட்டையில் மிஞ்சியது அவருடைய வலது கையில் இருந்தது, அந்தக் கை மட்டும் வெயிலில் கருத்தது. தெருக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். உங்க வீட்டுக்காரர் மேல ஊரே ஏறி உட்கார்ந்திருக்கு என்று தையல்காரியைக் கேலி செய்தார்கள். அப்புறம் அதில் உள்ள சௌகரியம் தெரிந்ததும் கேலி போய்விட்டது. டிரைவரின் மனைவி வாசலில் நின்று, "அண்ணே, அவரு கிளம்பிட்டாரா?" என்பாள். ஐஸ்காரர் வலது கையைத் தடவிப் பார்த்து, "கிளம்பிட்டாரும்மா. வண்டியில கூட்டம்" என்பார். அவள் போய் உலை வைப்பாள்.

ஒரே ஒரு தடவைதான் சிக்கல் வந்தது. பல் டாக்டரின் சாம்பல் நிறச் சட்டைத் துணியைக் கழுத்துப் பட்டியில் வைத்துத் தைத்தபோது, கரண்ட் போன நேரமாக இருந்ததால், நல்ல பக்கத்தை உள்ளே வைத்து அடிப்பக்கம் வெளியே தெரியும்படி தைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஆலையிலிருந்து வந்தவர் சட்டையை மாட்டிக்கொண்டதும், தலைமுடியில் ஒட்டியிருந்த ஐஸ் தூள் உருகிக் கழுத்து வழியாக இறங்கியது. அவருக்கு அது பழக்கம்தான். ஆனால் நாலு தெரு தள்ளி, ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்த டாக்டர் "ஐயோ அம்மா" என்று அலறினார். வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர் எழுந்து, குறடு பல்லில் தொங்க, ஓடியே போய்விட்டார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் டாக்டர் சட்டையும் கையுமாகத் தையல்காரி வீட்டுக்கு வந்தார். "ஏம்மா, இதுல என்னத்த வச்சுத் தைச்ச? முதுகுல யாரோ ஐஸ் வைக்கிறாங்க" என்றார். தையல்காரி புருஷன் சட்டையின் கழுத்துப் பட்டியைப் பிரித்துத் திருப்பித் தைத்தாள், டாக்டரின் அலறல் நின்றது. நல்ல பக்கம் வெளியே இருந்தால் அங்கே நடப்பது இங்கே வரும், அடிப்பக்கம் வெளியே இருந்தால் இங்கே நடப்பது அங்கே போகும் என்று அவள் அப்போது புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு தைக்கும்போது விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டாள்.

அவர்களோடு தையல்காரியின் தங்கையும் இருந்தாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்தது அக்காதான். அவளுக்கென்று இரண்டாவது மெஷின்கூட வாங்கிப் போட்டிருந்தாள். தங்கைக்கோ தையல் வரவே இல்லை. ஊசியில் நூல் கோத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவசரமாகக் கொடுக்க வேண்டிய விலை உயர்ந்த துணி ஒன்றை அவள் வெட்டினாள். துணியை மடித்துப் போட்டு வெட்டுவதற்குப் பதிலாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வெட்டியதில், இரண்டு கையும் இடது கையாக வந்துவிட்டது. வேறு துணியும் இல்லை. தையல்காரிக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததெல்லாம் கொட்டியது. "உனக்குத் தின்னத்தான் தெரியும். தின்னு தின்னு என் உசுரை வாங்கறதுக்கா உன்னை வளர்த்தேன்?" என்றாள். மஞ்சளில் வெள்ளைப் புள்ளி போட்ட மேல்சட்டை ஒன்றை அக்கா அவளுக்குப் புதிதாகத் தைத்திருந்தாள். தங்கை அதைப் போட்டுக்கொண்டு வந்து, வாசலில் நின்ற ஐஸ்காரரிடம், "வரேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். கடைக்குத்தான் போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் திரும்பி வரவில்லை.

தேடாத இடம் இல்லை. டிரைவர் தன் வழியில் இருக்கிற ஊர்களிலெல்லாம் விசாரித்தார். தையல்காரி சாப்பிட உட்கார்ந்தால், சொன்ன வார்த்தை தொண்டையில் வந்து நிற்கும், தட்டைத் தள்ளிவைத்துவிடுவாள். புள்ளித் துணியில் மிஞ்சியதைப் புருஷனின் சட்டையில் நெஞ்சுப் பையாக வைத்துத் தைத்திருந்தது அவளுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. ஐஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் நேரே போய் அவர் நெஞ்சில் கையை வைத்தாள். பை வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குள்ளே, அவருடைய நெஞ்சுத் துடிப்புக்குச் சம்பந்தமில்லாமல், இன்னொரு துடிப்பு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. "இருக்கா" என்றாள். அவர் "ம்" என்றார். அன்றிலிருந்து தினமும் அவர் சட்டையை மாட்டியதும் அவள் மெஷினை விட்டு எழுந்து வந்து அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அது தனக்காக இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நேரத்துக்காக அவர் ஆலையிலிருந்து கொஞ்சம் எட்டி நடை போட ஆரம்பித்தார்.

துணிக்கு விலாசம் தெரியாது. தங்கை ரயிலில் போகிறாள், நிறையப் படி ஏறுகிறாள், ஏதோ சோப்புத் தண்ணீரில் நிற்கிறாள் என்பதெல்லாம் பையில் தெரிந்தது, எந்த ஊர் என்பது மட்டும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் பை சில்லிட்டது. மறுநாள் இன்னும் சில்லிட்டது. தையல்காரி, ஆலைக் குளிர்தான் அவர் உடம்பிலிருந்து இறங்கவில்லையோ என்று சந்தேகப்பட்டாள். ஐஸ்காரர் பைமேல் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அவர் அவ்வளவு பேசி அவள் அதற்குமுன் கேட்டதில்லை. "இது ஐஸ் குளிர் இல்ல. ஐஸ் குளிர் வெளியில இருந்து உள்ள போகும். இது வயித்துல இருந்து வருது. பட்டினி கிடக்கிறா. போர்வையும் இல்ல" என்றார். தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தின்னத்தான் தெரியும் என்று சொன்ன வாய் அவளுடையது.

மிச்சத் துணிப் பையில் இன்னும் ஒரு விரல் நீளத்துக்குப் புள்ளித் துணி மிஞ்சியிருந்தது. அதை எடுத்து, விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, இந்தத் தடவை தெரிந்தே அடிப்பக்கத்தை வெளியே வைத்து, நெஞ்சுப் பைக்கு ஒரு மூடியாகத் தைத்தாள். தைத்து முடித்ததும் புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். குளிர் பிடித்த அந்த உடம்பிலிருந்து என்ன சூடு போய்ச் சேரும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஐஸ்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது ஆலை வேலையை விட்டிருந்தார். தெருக்கோடி ரொட்டிக்கடையில் அடுப்புக்கு முன்னால் நிற்கும் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். கூட வேலை செய்தவர்கள், ஐஸ்காரருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். "இந்த வயசுல புது வேலை வேணுமாங்க?" என்று அவள் கேட்டதற்கு, "குளிர்காலம் முடியட்டும்" என்றார்.

குளிர்காலம் முழுக்க அவர் புள்ளி மூடி வைத்த அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்பு வாயில் நின்றார். மூடிமேல் தணல் பட்டது, வெந்த மாவின் வாசனை படிந்தது. வீட்டுக்கு வந்தால் தையல்காரி அதன்மேல் முகத்தை வைத்து அழுதாள். எங்கேயோ ஒரு மஞ்சள் சட்டை காரணமில்லாமல் நனைந்திருக்க வேண்டும். மூடிக்குக் கீழே இருந்த பை கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் விட்டது. பிறகு ஒருநாள் சாப்பிட்டு முடித்த வயிற்றின் கதகதப்பு அதில் ஏறியது. தையல்காரியும் அன்றைக்குத் தட்டைத் தள்ளிவைக்காமல் சாப்பிட்டாள். குளிர்காலம் முடிந்த பிறகும் அவர் ஐஸ் ஆலைக்குத் திரும்பவில்லை. ஆனால் பேர் மாறவில்லை. ரொட்டிக்கடையில் சூடான ரொட்டி வேண்டுமென்றால் இன்றைக்கும் ஐஸ்காரரைத்தான் கேட்க வேண்டும். அவர் கையும் அப்போதே சூடாகிவிட்டிருந்தது. அதை முதலில் கவனித்தது தையல்காரி, கவனித்துவிட்டுக் கையை எடுக்காமல் இருந்தாள்.

இரண்டு மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. தங்கைக்கு ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் சிரிப்பு, ஒருநாள் பையில் பெயின்ட் வாசனை. பிறகு திடீரென்று பை செத்தது. சூடும் இல்லை, குளிரும் இல்லை, துடிப்பும் இல்லை, வெறும் துணி. சட்டை நைந்துபோய்க் கழற்றிப் போட்டிருப்பாள் என்று ஐஸ்காரர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பலம் இல்லை. தையல்காரி தினமும் வந்து கை வைத்தாள், அங்கே புருஷனின் துடிப்பு மட்டும் இருந்தது. பிறகு வந்த துணிகளை அவள் ஏனோதானோவென்று தைத்தாள். பாட்டு டீச்சரின் சட்டையில் கழுத்து கோணியது, டீச்சர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டுக்கொண்டு போனாள்.

ஒரு மத்தியானம், வெளியே நல்ல வெயில் அடிக்கும்போது, ஐஸ்காரர் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதி டம்ளரில் அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பை நனைந்து, மஞ்சள் கருத்து, ஈரம் வயிற்றுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்கயோ மழை போல" என்றார்.

தையல்காரி மெஷினிலிருந்து பாய்ந்து வந்து பையைத் தொட்டாள். ஈரம் சுட்டது. குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் அழுகிறதா சிரிக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"மழை இல்லங்க. மூத்திரம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தச் சட்டையை வெட்டிப் பிள்ளைக்குத் தைச்சிருக்கா. ஒரு தையல் போடத் தெரியாத கழுதை, தைச்சிருக்கா பாருங்க! ரெண்டு கையும் இடது கையா வச்சிருப்பா" என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துபோயிற்று. "நான் பெரியம்மா. நீங்க பெரியப்பா ஆயிட்டீங்க."

அவர் "ம்" என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கழட்டுங்க, அலசிப் போட்டுடறேன்" என்று சட்டையின் ஓரத்தைப் பிடித்தாள். ஐஸ்காரர் அவள் கையை மெல்லத் தடுத்தார். ஈரப் பைக்குள்ளே, ஒரு கைப்பிடி அளவில், ஏதோ ஒன்று எழுவதும் அடங்குவதுமாக இருந்தது.

"இரு. இப்பத்தான் தூங்குது."

அவர் நாற்காலியில் சாய்ந்து, அடிப்பக்கம் வெளியே தெரிந்த அந்த மூடியின்மேல், அடுப்புச் சூட்டில் காய்த்த கையால் ஒரே சீராகத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தார். தையல்காரி மெஷினை மூடிவைத்தாள். அன்றைக்குத் துணி வாங்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, நாளைக்கு வரச் சொன்னாள். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பிள்ளை தூங்குகிறது என்றாள். அவர்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் படி இறங்கிப் போனார்கள்.