வேலியின் நல்ல பக்கம்

கேக் தட்டைப் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்துவிட்டு லினெட் வாசலுக்கு நடந்தாள். மணி மூன்று பத்து. அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வீடு முழுக்கக் கறுப்புக் கோட்டுகள், டீக் கோப்பைகள், அப்பா கிளைவைப் பற்றிய நல்ல வார்த்தைகள். அத்தனையையும் மீறிக்கொண்டு பக்கத்து வீட்டில் புல்வெட்டும் இயந்திரம் அலறியது. இன்றைக்குப் பார்த்துத்தான் மெர்வுக்குப் புல் வளர்ந்துவிட்டது!

“அம்மாவ விட்டு நகராத ராஸ்,” என்றாள் கணவனிடம்.

“அந்த ஆளு கையெழுத்துப் போட மாட்டாரு லின். எட்டு மாசமா உங்கப்பா மூஞ்சியிலயே முழிக்கல.”

“போடலன்னா திங்கக்கெழம வந்து வேலிய அறுத்துடுவாங்க. அப்புறம் அம்மாவ எதால கட்டிப்போடுறது?”



இரண்டு மீட்டருக்கு மேல் வேலி போனால் நகராட்சி அனுமதி வேண்டும், அடுத்த வீட்டின் சம்மதமும் வேண்டும். மெர்வின் மனை தாழ்வானது. தாழ்ந்த பக்கத்திலிருந்துதான் அளப்பார்கள் என்பது தெரியாமல் கிளைவ் தன் பக்கம் நின்று அளந்தார். ஒன்று எழுபது மீட்டர்தானே என்று நினைத்த வேலி, மெர்வ் பக்கம் இரண்டரை மீட்டராக நின்றது. மெர்வ் புகார் கொடுத்தார். வெட்டிக் குறைத்தால் இந்தப் பக்கம் இடுப்புக்குச் சற்று மேல்வரைதான் மிஞ்சும். கிளைவ் படிவத்தை நிரப்பினார், மெர்வின் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார், செவ்வாய்க்கிழமை சமையலறையில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இரண்டு முறை தவணை கொடுத்தாயிற்று, இன்று நாலு மணிதான் கடைசி என்று நகராட்சிப் பெண் போனில் வருத்தத்தோடுதான் சொன்னாள்.

வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு லினெட் அடுத்த வீட்டுக்குள் நுழைந்தாள். அவளைக் கண்டதும் மெர்வ் இயந்திரத்தை அணைத்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

“வரணும்னுதான் கெளம்பினேன்,” என்றார் எங்கோ பார்த்தபடி. “கார் வரைக்கும் வந்தேன்.”

“இதுல ஒரு கையெழுத்து வேணும் மெர்வ்.”

படிவத்தைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. “இங்க வந்து பாரு.” வேலியைக் காட்டினார். குறுக்குச் சட்டங்கள், ஆணி முனைகள் எல்லாம் அவர் பக்கம். “முப்பத்தோரு வருஷம் பக்கத்து வீடு. வழவழன்னு இருக்கிறது அவனுக்கு, எலும்பும் ஆணியும் எனக்கு. ஏன்டா இப்படின்னு கேட்டேன். என் காசு, என் இஷ்டம்னு சொல்லிட்டான்.”

சொந்தச் செலவில் வேலி போடுகிறவர் நல்ல பக்கத்தை அடுத்த வீட்டுக்குக் காட்டுவதுதான் அந்தத் தெருவின் மரியாதை. திருப்பிப் போட்டால் மூஞ்சியில் அடித்த மாதிரி. கிளைவுக்கு அது தெரியாதா என்ன?

லினெட்டுக்கு அப்பா மேல் ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். தானும் சொல்லாமல், மகளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஊர் வாயில் அம்மா எய்லீனின் பெயர் மெல்லப்படக் கூடாதாம்.

“காரணம் இருக்கு. சொல்ல மாட்டேன்னு அப்பாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்.”

“அப்பச் சொல்லாத.” மெர்வ் இயந்திரத்தின் கயிற்றைப் பிடித்தார்.

“குறுக்குச் சட்டம் எங்க பக்கம் இருந்தா அம்மா ஏறிடுவாங்க!”

கயிறு அவர் கையிலேயே நின்றது.

“அம்மாவுக்கு ஞாபகம் போயிடுச்சு மெர்வ். ஒண்ணரை வருஷமாச்சு. கதவப் பூட்டி வச்சா, பழைய வேலி மேல ஏறி, உங்க தோட்டத்துல விழுந்து, விடியக்காலையில நெடுஞ்சாலை நடுவுல போய் நின்னாங்க. லாரிக்காரன் ஒருத்தன் கூட்டிட்டு வந்தான். முட்டி வலின்னு ஊருக்குச் சொன்னோமே, அது அப்ப விழுந்த காயம்.”

மெர்வ் கயிற்றை விட்டார். வேலியருகே போய்க் கீழ்ச்சட்டத்தில் ஒரு காலை வைத்தார். அடுத்ததில் இன்னொரு காலை வைத்தார். எழுபது வயதுக் கால்களுக்கு அது ஏணி மாதிரி சுலபமாக இருந்தது. மேலே தலையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பக்கம் பலகைகளை யாரோ தட்டித் தடவும் சத்தம் லினெட்டுக்கும் கேட்டது.

“மெர்வ்!” அம்மாவின் குரல். “வீடு பூரா யாரு யாரோ வந்து உக்காந்திருக்காங்க. கிளைவ மட்டும் காணோம். பாத்தீங்களா?”



“இங்கதான் இருக்கான் எய்லீன்,” என்றார் மெர்வ். “என்கூடத்தான்.”

“அப்ப ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா?”

மெர்வின் கை பலகை விளிம்பை இறுகப் பற்றியது. 

“பேசிட்டோம்.”

“நல்லதாப் போச்சு. எத்தன மாசமா ராத்திரியெல்லாம் தூங்கல அவரு.”

எய்லீனிடமிருந்து கண்ணை எடுக்காமலே மெர்வ் ஒரு கையைக் கீழே நீட்டினார். லினெட் படிவத்தையும் பேனாவையும் அந்தக் கையில் வைத்தாள். பலகை உச்சியில் வைத்து எழுதியதால் கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது.