கல் நடாத பிள்ளை

அருணாவின் கல்லூரிக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு மூன்று தலைமுறைப் பெயர்கள் வேண்டும். பெருமாயி மகளை அழைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு வந்திருந்தாள். எழுத்தர் முரளி பழைய அடக்கப் பதிவேட்டையும், அந்தக் காலத்து வாத்தியார் எடுத்துவைத்த சென்சஸ் தாள்களையும் மேசையில் பரப்பினான்.

"ஏனுங்கக்கா, இந்தச் சின்னுசாமி யாருங்க?"

"எங்க ஊட்டுக்காரருக்கு அண்ணனுங்க. சின்னதுலயே போயிட்டாரு."

"அடக்கத்துல ஆறு வயசுன்னு இருக்குது. ரெண்டு வருசம் கழிச்சு சென்சஸ்ல எட்டு வயசு. செத்தவருக்கு வயசு ஏறுமாங்க?"

அருணா சிரித்துவிட்டாள். பெருமாயிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் மலையில் இறந்தவரைச் சொந்தக் காட்டிலேயே புதைப்பார்கள். வருடம் திரும்பியதும் தலைமாட்டில் கல் நடுவார்கள். நடும்வரை அவர் வீட்டு ஆள்தான். பலா மரத்தடியில் கல்லில்லாத சிறு மேடு ஒன்று இருந்தது. பெற்ற பிள்ளைக்குக் கல் நடக்கூட மாமியார் இருசாயிக்கு மனம் வரவில்லையே என்று பெருமாயி எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். அந்தக் கல்நெஞ்சுக்காரிதான் கணக்கெடுக்க வந்தவரிடம் பிள்ளைக்கு வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள்.

அந்த மேட்டுக்குப் பக்கத்தில்தான் பெருமாயியின் மகன் விமல்ராஜும் கிடக்கிறான். காரவள்ளிக்கு இறங்கும் வளைவில் பைக் சரிந்து போனவன். வருடம் திரும்பி மாதங்களாகிவிட்டன. அவனுக்காகப் புருசன் மாணிக்கம் கொண்டுவந்த கல் வீட்டுச் சுவரில் சாய்ந்தே நிற்கிறது. எப்போது நடலாம் என்று அவர் கேட்கும்போதெல்லாம், "மழை உடட்டுமுங்க" என்பாள் பெருமாயி. இப்போது மழைக்காலம்கூட இல்லை.

"சரிங்கக்கா, இப்ப ஊட்டுல இருக்கறவங்க பேரச் சொல்லுங்க."

"மாணிக்கம். பெருமாயி. விமல்ராஜ்..."

"அம்மா," என்றாள் அருணா மெதுவாக.

முரளி தலை நிமிராமல் எழுதினான். "விமல்ராஜுக்கு வயசு?"

இருபத்து மூன்று என்று நாக்கு நுனிவரை வந்தது. போன தை மாதமே கூட்டி வைத்திருந்தாள்.

"இருபத்திரண்டுங்க," என்றாள். "அதோட நின்னுபோச்சுங்க. அந்தப் பேர அடிச்சிருங்க சாமி."

முரளி பேனாவை அந்தப் பெயரின் மேல் வைத்துத் தயங்கினான். அருணா அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பெருமாயி நேராகச் சுவரோரம் போய், இதுவரை தொடாத அந்தக் கல்லின் மேல் கை வைத்தாள். வெயிலில் கிடந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சுட்டது.

"ஏனுங்க," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "கடப்பாரைய எடுத்துட்டு வாங்க."