முடிவு செய்பவர்

என் விடைத்தாளின் கடைசி வரி இப்படி நின்றிருந்தது: "ஆகவே ஒரு படைப்பின் பொருளை முடிவு செய்பவர்". அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. முற்றுப்புள்ளிகூட இல்லை.

அந்தத் தாளைத் தனித்தனியாகத் திருத்திய இருவரில் ஒருவர் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டிருந்தார். மற்றவர் ஃபெயில் போட்டிருந்தார். தத்துவத் துறையில் எனக்கு அதுதான் கடைசித் தேர்வு. தேறினால் ஆராய்ச்சிக்குச் சேரலாம். தேறாவிட்டால் அக்கா வேலை செய்யும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் திங்கட்கிழமை முதல் வேலை. கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கிவிட்டுத் தத்துவம் படிக்கப் போன தங்கைக்காக அவள் பிடித்து வைத்திருந்த இடம்.

இருவரும் என்னைத் துறைத்தலைவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் விடுப்பில் இருந்தார். அவர் நாற்காலியில் இரண்டு பேரும் உட்காரவில்லை.

"உட்காரும்மா," என்றார் ஆகவே சார். தர்க்கம் எடுப்பவர். மூச்சுக்கு மூச்சு 'ஆகவே' போடுவதால் நாங்கள் வைத்த பெயர். எழுதியவர் என்ன நினைத்தார் என்று தெரியாமல் ஒரு வரியைக்கூடப் புரிந்துகொள்ள முடியாது என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர்.

எதிரில் பண்பாட்டு விமர்சனம் எடுக்கும் மேடம். அவர் நடத்தியது நேர் எதிர். எழுதியவரை வாசலிலேயே விட்டுவிட்டுப் புத்தகத்துக்குள் வாருங்கள் என்பார். தேர்வுக் கேள்வியே இவர்கள் சண்டையிலிருந்து வந்ததுதான்.

"சார் உனக்கு ஃபெயில் போட்டுட்டார்," என்றார் மேடம். "உனக்கு நேரம் பத்தலையாம். நான் சொல்றேன், நீ வேணும்னேதான் அந்த இடத்துல நிறுத்தியிருக்க. யாருன்னு சொல்லாமலே சொல்லியிருக்க. நீயே சொல்லு, என்ன நினைச்சு நிறுத்தின?"

மேடமா இதைக் கேட்கிறார்?

"அவளை எதுக்குக் கேக்கணும்?" என்றார் சார். "அவ என்ன நினைச்சா நமக்கென்ன? பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான்."

சாரா இதைச் சொல்கிறார்?

"இப்படிப் பேசறதை ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கட்டுமா சார்?"

"முதல்ல நீங்க பேசினதைப் பண்ணுங்க மேடம்."

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். 'வேணும்னேதான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது உண்மையா? மணி அடித்தபோது நான் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அடுத்த சொல் வரவில்லை. தாளைப் பிடுங்காமல் இருந்திருந்தால் வந்திருக்குமா? கெமிஸ்ட்ரி லேபில் இந்தச் சிக்கல் கிடையாது. நிறம் மாறுமா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு துளி விட்டுப் பார்ப்போம்.

"தெரியல சார். மணி அடிச்சுது. அடிக்கலைன்னாலும் எழுதியிருப்பேனான்னு தெரியல மேடம்."

"பார்த்தீங்களா!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

சார் தன் பேனாவின் மூடியைக் கழற்றி, தாளோடு என் பக்கம் நீட்டினார். "இப்ப முடி. ஒரே ஒரு வரி. ஆகவே எல்லாருக்கும் விளங்கிடும்."

"வேண்டாம்," என்றார் மேடம். "அன்னைக்கு எழுதினவ வேற. இன்னைக்கு இங்க பயந்துகிட்டு உட்கார்ந்திருக்கறவ வேற."

பயந்துகொண்டுதான் இருந்தேன். இன்னொரு துளி என்று நினைத்து எழுதினேன்: "யார் என்று எனக்குத் தெரியவில்லை."

சார் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "யோசிச்சிருக்கா. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லியிருக்கா. ஆகவே பாஸ் போடலாம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கெடுத்துட்டியேம்மா! அப்போ அது வெறுமனே நேரம் பத்தாம விட்டதுதானா? இதுக்கா நான் அவ்வளவு மார்க் போட்டேன்?"

"போட்ட மார்க்கை மாத்தக் கூடாது மேடம்."

"நீங்க மட்டும் மாத்தலாமா?"

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். சுவரில் போன வருடக் கருத்தரங்கின் போஸ்டர் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. அதை அழுத்தி ஒட்டினேன். விழுந்தது. மறுபடி ஒட்டினேன். கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"மூணாவதா வெளியாள் ஒருத்தர் திருத்தட்டும்னு முடிவு பண்ணியிருக்கோம். நாளாகும். நீ கிளம்பும்மா," என்றார் சார்.

"எதைத் திருத்துவாங்க சார்? பழைய தாளையா, இப்ப எழுதின வரியையும் சேர்த்தா?"

சார் திரும்பி மேடத்தைப் பார்த்தார். "அதைத்தான் பேசிட்டிருக்கோம்," என்று கதவைச் சாத்தினார்.

அக்கா ஃபோன் செய்தாள். "பாஸா ஃபெயிலா? அதை மட்டும் சொல்லு."

"பாஸ் போட்டவங்க இப்ப ஃபெயில்ங்கறாங்க. ஃபெயில் போட்டவர் பாஸ்ங்கறார்."

"நீ குழம்பினது பத்தாதுன்னு என்னையும் குழப்பறியா? சரி, திங்கக்கிழமை வரியா, வரலையா? மேனேஜர் பக்கத்துலயே நிக்கறார்டி."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வரலக்கா."

என் குரல்தான்.

"அப்போ பாஸா?"

"தெரியலக்கா."

"அப்புறம் எதை வெச்சுடி வரலைங்கற?"

நான் பதிலைத் தேடுவதற்குள் அவள் ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மேனேஜரிடம் பேசுவது கேட்டது.

"வரலையாம் சார்."

அவள் குரலில் எந்தக் குழப்பமும் இல்லை.