பண்டமாரானில் கறுப்புத் திரை

ரமணியின் கம்ப்யூட்டர் கடை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. 1992-ல் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை மூன்றரை மணிக்கு அங்கே தொலைபேசி அடித்தது. பண்டமாரான் கொள்கலன் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் சீதாலெட்சுமி பேசினாள். 

"அக்கா, எங்க கிடங்கு பாலன் அண்ணன் கையில ஏதோ அசிட் பட்டுருச்சு. கொள்கலனுக்குள்ள பீப்பா ஒழுகியிருக்கு, லேபல் இல்ல. ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டர் இன்னொரு லைன்ல காத்திருக்காரு, என்ன அசிட்டுன்னு கேக்குறாரு. கம்ப்யூட்டர்ல சரக்குப் பட்டியலைப் பார்க்கலாம்னா ஸ்கிரீன் கறுப்பா இருக்கு. விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வேற."

"என்ன மானிட்டர் அது?"

"மதியம் இடி விழுந்ததுல புது மானிட்டரும் பிரிண்டரும் போச்சுக்கா. ஸ்டோர்ல கிடந்த பழசை மாட்டுனேன்."

"பேப்பர்ல உள்ள பட்டியல்?"

"சரக்கு ஏஜெண்டு எடுத்துக்கிட்டு கோலாலம்பூருக்குக் கிளம்பிட்டாரு. கார்ல இருக்காரு லா, எப்படிப் பிடிக்கிறது?"

 பட்டியலின் வரி நீளமாக இருக்கிறது, திரையில் முழுதும் தெரியவில்லை என்று சீதா கேட்டதால், போன மாதம் ரமணிதான் ஒரு வரிக்கு நூற்று முப்பத்திரண்டு எழுத்து வரும்படி மாற்றிக் கொடுத்தாள். இயந்திரத்தைப் போட்டதும் அந்தக் கட்டளை தானாக ஓடும். புது மானிட்டர் அதைத் தாங்கியது. பழையது தாங்காது. என்றாவது பழையதை மாட்ட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று அவள் ஒரு துண்டுத் தாளில்கூட எழுதி வைக்கவில்லை.

காரை எடுத்தால் பண்டமாரான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம்.

"சீதா, முதல்ல மானிட்டர் பட்டனை ஆஃப் பண்ணு. விட்டா அது எரிஞ்சிரும். இதுவரைக்கும் என்னென்ன கீ அமுக்குன?"

"தெரியலக்கா. பயத்துல எல்லாத்தையும் அமுக்கிட்டேன்."

பட்டியலைக் காட்டும் நிரலில் ஒரு விசை பட்டியல் முழுவதையும் அழித்துவிடும். சீதா இப்போது நிரலின் எந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கிறாளோ, யாருக்கும் தெரியாது. ரமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர் பெட்டியை ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடு. மானிட்டரைத் தொடாத. உள்ள கரகரன்னு சத்தம் வரும். அது நின்னதும் சொல்லு."

ஒரு நிமிடம். அந்தப் பக்கம் யாரோ மலாயில் கத்தினார்கள்.

"நின்னுருச்சு."

"எஃப் பத்து, ஒரே ஒரு தடவை. பட்டியலை விட்டு வெளியே வரலாமான்னு கேக்கும், பீப்னு கேக்கும்."

"கேட்டுச்சு."

"ஒய். எண்டர். இப்ப மெதுவா அடி. எம், ஓ, டி, இ. ஒரு இடம் விடு. சி, ஓ, எட்டு, சைபர். எண்டர். வரி பழையபடி எண்பது எழுத்துக்கு வந்துரும். மானிட்டரைப் போடு."

தொலைபேசி வழியாகவே அந்த விசில் ரமணிக்குக் கேட்டது.

"ஆஃப் பண்ணு!" நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.  கட்டளை சரி. வரிசை சரி. பிறகு ஏன்?

"டாக்டர் கேக்குறாருக்கா. காயம் சின்னதாத்தான் தெரியுதாம், ஆனா அண்ணன் வலியில துடிக்குறாராம்."

"சீதா, நீ அடிச்சதை எனக்கு அப்படியே சொல்லு."

"எம், ஓ, டி, இ. சி, சைபர், எட்டு, சைபர்."

"சியை அடுத்து சைபர் இல்லம்மா. ஓ. ஓரஞ்சுக்கு வர்ற ஓ. கடைசியில மட்டும்தான் சைபர்."

விசைகள் ஒவ்வொன்றாகத் தட்டப்படுவது கேட்டது. பட்டன் சொடுக்கியது. பிறகு விசில் சத்தமே இல்லை.

"எழுத்து வந்திருச்சுக்கா," என்றாள் சீதா. அழுதுகொண்டிருந்தாள்.

நிரலைத் திறந்து கொள்கலன் எண்ணை அடித்தார்கள். கண்ணாடியை அரித்துப் பூ வேலை செய்வதற்கான ஹைட்ரோபுளோரிக் அமிலம். எழுத்துக் கூட்டி சீதா அதை டாக்டருக்குப் படித்தாள். மேலே சிறு சிவப்பாகத் தெரியும், உள்ளே எலும்புவரை போகும் அமிலம் அது. சாதாரண மருந்து போதாது. கால்சியம் களிம்பு பூசி, ஊசியும் போட்டார்கள்.

மறுநாள் காலை ரமணி பண்டமாரானுக்குப் போய், தான் எழுதிய கட்டளையை நீக்கினாள். மானிட்டர் மாற்றினால் செய்ய வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதி இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டினாள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பாலன் தூங்கிக்கொண்டிருந்தார். கை பிழைத்தது. ஆனால் இரண்டு விரல் இனி முழுதாக மடங்காது என்றாள் அவர் மனைவி வள்ளியம்மா. பிறகு கேட்டாள்:

"அந்த அசிட்டு பேரைச் சொல்ல ஏன் அரை மணி நேரம் ஆச்சு?"

இடியைச் சொல்லியிருக்கலாம். பழைய மானிட்டரைச் சொல்லியிருக்கலாம்.

"நான் மாத்தி வச்ச கம்ப்யூட்டர்க்கா. திரை போனா என்ன பண்ணனும்னு நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கல."

  வள்ளியம்மா கட்டில் ஓரத்து நாற்காலியில் கிடந்த துணிப்பையை எடுத்துத் தரையில் வைத்து, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். ரமணி உட்கார்ந்தாள்.