மீன் பெட்டிக்குக் கீழே அலாரம்

"சாமி, கொஞ்சம் எறங்கி வாங்க. வண்டி கத்தி உயிர வாங்குது."

"அங்கனயே நில்லு ரெக்சன். படியில கால வைக்காத."

வண்டிச் சாமான் கடையின் மேல்படியில் நின்று சுடலைமணி சொன்னதும் ரெக்சன் நின்றான். பின்னால் மீன் பெட்டி கட்டிய பைக்கை திசையன்விளை பஸ் ஸ்டாண்டிலிருந்து உருட்டிக்கொண்டே வந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. வண்டிக்குள்ளிருந்து அலாரம் ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு தடவை, போலீஸ் வண்டி மாதிரி ஒரு தடவை, பிறகு குருவிக் கூட்டம் மாதிரி என்று முறை வைத்து அலறியது. போன வாரம் இதே கடையில், இதே சுடலைமணி கையால் மாட்டியது. உவரி மீன் ஏலக்கரையில் நிறுத்துகிற வண்டிகள் காணாமல் போகின்றனவே என்று பயந்து மாட்டினான். திருடன் தொட்டால் கத்தும், இன்ஜினையும் பூட்டிவிடும் என்று சொல்லித்தான் சுடலைமணி விற்றான். இப்போது சொந்தக்காரன் தொட்டாலே பூட்டிக்கொள்கிறது.

"ரிமோட்ட அமுக்குனியா?"

"அமுக்கி அமுக்கிப் பெருவெரலு தேஞ்சு போச்சு சாமி."

"அப்பம் பெட்டிய எறக்கி வச்சு, வண்டியக் கழுவி, நீயும் குளிச்சுட்டுக் கொண்டா. மாலை போட்டிருக்கேன், தெரியுதுல்லா?"

தெரிந்தது. பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, கழுத்தில் துளசி மாலை. திருச்செந்தூருக்கு நடக்கப் போகிறவன். மாலை கழுத்தில் கிடக்கிற வரை மீனைத் தொடமாட்டான், மீன் வாடையையும் அண்டவிடமாட்டான்.

"பெட்டிய எங்கன எறக்க? நடுரோட்டு வெயில்லயா? உள்ள ஐஸு கரைஞ்சுக்கிட்டுக் கெடக்கு. மேலப்பனைவிளை பேச்சித்தாய் அக்கா வீட்டுல இன்னைக்குப் புது மாப்பிள்ளைக்கு மொத விருந்து. முழு நெய்மீனு சொல்லி வச்சிருக்கு. உச்சிக்கு முன்ன கொண்டு போவலன்னா அந்த ஊருக்குள்ள நான் இனி ஆரன் அடிச்சு மீன் விக்க முடியாது."

"நான் என்ன செய்யட்டும்? மீனு அவிக்க நானா சொன்னேன்?"

ரெக்சன் எதிர்ப்பக்கம் பார்த்தான். அங்கே எபனேசர் பைக் பட்டறை. எபனேசர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"என்னயப் பாக்காத. அவன் ஒளிச்சு வச்ச ஒயர நான் தொடமாட்டேன். எது எங்க போவுதுன்னு அவனுக்குத்தான் தெரியும். நான் ஒண்ணத் தொட்டு வண்டி செத்துப் போச்சுன்னா எந்தலையில கட்டுவான்."

போன் அடித்தது. பேச்சித்தாய்.

"ஏலே ரெக்சா, எங்கன நிக்க?"

"இந்தா கெளம்பிட்டேன் அக்கா."

"காலையில இருந்து கெளம்புதியே, கடலுக்கா போற? மாப்பிள்ள வீட்டாளுக வந்து உக்காந்தாச்சு. மசாலா அரைச்சு வச்சுட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கேன். அந்தா பெனோ ஆரன் அடிச்சுக்கிட்டுப் போறான், கூப்பிடட்டா?"

"வேண்டாம் அக்கா! அவன்ட்ட வெறும் சாளைதான் இருக்கும்."

"அது என்னலே சத்தம்? ஆம்புலன்சுலயா வாரே?"

"இல்ல அக்கா, சுடலைமணி கடை வாசல்ல... ரோட்டுல ஏதோ வண்டி போவுது."

"சுடலைமணி கடையிலயா நிக்க?"

போன் அணைந்தது. ரெக்சன் பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, திருப்புளியால் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். மூடி கையில் வந்ததும் உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. மீன் செதில் ஒட்டிய தண்ணீர். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வடிகிற குழாய்க்கு நேர் கீழே, சாணித்தாள் சுற்றின பொட்டலம் மாதிரி நனைந்து ஊறிப்போய் இருந்தது அலாரத்தின் கருப்பு டப்பா.

"அண்ணாச்சி, இத இங்கனயா வச்சீங்க? சீட்டுக்கடியில வைப்பேன்னுல்லா சொன்னீங்க?"

"சீட்டுக்கடியில கைய விடணும்னா ஒம் பெட்டியத் தொடணும். தொடமாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன். 'சரி சாமி, ஒங்க விரதம் கெடக்கூடாது'ன்னு நீதான தலைய ஆட்டுன?"

"விரதம் கெடக்கூடாதுன்னு சொன்னேன். அதுக்குன்னு தண்ணி வடியுத எடத்துக்குக் கீழ வைக்கச் சொன்னனா? பெட்டியில ஐஸு இருந்தா வடியும்னு பச்சப்புள்ளைக்குத் தெரியுமேவே!"

"ஏ, பாத்துப் பேசு. சாமின்னு சொன்ன வாயில இப்பம் வேயா?"

"பின்ன என்ன சொல்ல?"

"மீன் தண்ணி ஊத்துனா எந்தச் சாமான்தான் நிக்கும்? ஒனக்கு எதுக்குலே அலாரம்? இந்த நாத்தத்துக்கு எந்தத் திருடன் கிட்ட வருவான்?"

கடைக்குள் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பக்கத்துப் பூக்கடை முத்துராணி மட்டும் சிரிக்கவில்லை. தொடுத்த சரத்தை மடியில் வைத்துக்கொண்டு ரெக்சன் முகத்தையே பார்த்தாள்.

"நாத்தமா?" என்றான் ரெக்சன். "ஒங்க முருகன் எங்கவே இருக்காரு? மலையிலயா? கடக்கரையில. அங்கன அலையில முங்கி எந்திக்கும்போது மூக்கப் பொத்திக்கிட்டா நிப்பீரு?"

"சாமியப் பத்திப் பேசாத!"

"நான் சாமியப் பேசல. அவரு சும்மாதான் இருக்காரு. ஒம்மளச் சொல்லுதேன்."

"மாலை போட்டிருக்கேன், அதான் வாயக் கட்டிக்கிட்டு நிக்கேன். இல்லேன்னா வேற மாதிரி வரும். வண்டியத் தள்ளிக்கிட்டுப் போ."

"போவ மாட்டேன்."

அலாரம் மறுபடி போலீஸ் வண்டியாக மாறியது. ரெக்சன் கயிற்றை அவிழ்த்தான். பெட்டி மேல் கிடந்த ஈரச்சாக்கை உருவி, சுடலைமணி கடைப் படிக்கு நேரே உதறி விரித்தான். பெட்டி மூடியைத் திறந்தான்.

"ஏய், என்ன செய்யுத?"

"யாவாரம். வண்டி நகரமாட்டேங்குது, நான் என்ன செய்ய? அயிலை, சாளை, பாறை! இன்னைக்கு ஏலத்து மீனு! வாங்க!"

அடியிலிருந்து இரண்டு கையாலும் நெய்மீனைத் தூக்கிச் சாக்கின் நடுவில் கிடத்தினான். நீளமும் மினுக்கமும் பார்த்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் நின்றார்கள். அலாரமே ஆள் கூட்டியது. என்னவோ ஏதோ என்று வந்தவர்கள் மீனைப் பார்த்துக் குனிந்தார்கள். ஒருவர் செவுளைத் தூக்கிப் பார்த்தார். ஒருத்தி வயிற்றை அமுக்கினாள்.

"யம்மாடி, எம்மாம் பெருசு! இது என்ன வெல?"

"அது விக்கதுக்கு இல்ல. விருந்துக்குப் போறது. நல்லாக் கண்ணாரப் பாத்துக்கிடுங்க."

செதில் தண்ணீர் படியோரம் ஓடி, கடை வாசலில் போட்டிருந்த கோலத்தில் ஏறியது. சுடலைமணி துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் போனான். உள்ளே வந்த வாடிக்கையாளர் ஒருவர் தாண்டிக் குதித்து வெளியே போய்விட்டார்.

"மூடித் தொலை! நான் சொல்லுதேன், நீயே ஒயரக் கழட்டு. கழட்டிட்டு ஓடிப் போ."

"சொல்லும்."

"டப்பாவுக்குப் பின்னால கட்டா ஒயரு வரும். சேப்பும் கருப்பும் சேந்து வாரத விடு. தனியா மேல போறத இழு."

"இதுவா?"

"அதில்ல. கண்ணு எங்க இருக்கு? அதுக்கு அங்கிட்டு... லே, அதில்ல மூதி..." சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். "முருகா, முருகா. மஞ்சளு! மஞ்சளப் புடுங்கு!"

"மஞ்சளே இல்லய இங்கன!"

"அழுக்கத் தொடச்சுப் பாரு!"

ரெக்சன் கைலி முனையால் துடைத்தான். மஞ்சள் வந்தது. பிடித்து இழுத்தான். குருவிச் சத்தம் பாதியில் அறுந்தது. தெருவே காதைத் தடவிக்கொண்டது.

"இப்பம் வெள்ளை ரெண்டையும் சேத்து முறுக்கு. அது இன்ஜின் பூட்டு. முறுக்கிட்டு மிதி."

மிதித்தான். இரண்டாவது மிதிக்கு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக பேச்சித்தாய் இறங்கினாள். ரெக்சன் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, நீங்க ஏன் வந்தீக? இந்தா கொண்டு வாரேன். ஒங்க மீனு, கண்ணாடி மாதிரிக் கெடக்கு, பாருங்க."

பேச்சித்தாய் பார்த்தாள். சாக்கில் கிடந்த மீனைப் பார்த்தாள். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். இன்னமும் செவுளைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் விரலைப் பார்த்தாள்.

"இதுதான் எனக்கு எடுத்து வச்ச மீனாலே?"

"ஆமா அக்கா."

"எடுத்து வச்சியா, ஏலத்துக்கு வச்சியா? எம் மாப்பிள்ள மொத மொத என் வீட்டுல சாப்பிட உக்காந்திருக்கான். அவன் எலையில வைக்கதுக்கு, பஸ் ஸ்டாண்டு கண்ணு பூரா விழுந்த மீனக் காட்டுதியா?"

"யாருக்கும் குடுக்கல அக்கா. விக்கதுக்கு இல்லன்னுதான் சொன்னேன்."

"குடுக்கலன்னா? யம்மாடி எம்மாம் பெருசுன்னு ஒருத்தி சொல்லிக்கிட்டுப் போறா, என் காதால கேட்டுக்கிட்டு எறங்குதேன். இத அவனுக்குப் போட்டு, நாளைக்கு வயித்த வலின்னு படுத்தா, எம் மவ சம்பந்தக்காரிட்ட என்ன பேச்சு வாங்குவா?"

"கழுவிக் குடுக்கேன் அக்கா. இந்தக் கரையாளுகளோட எத்தன நாள் பழக்கம் ஒங்களுக்கு..."

"பழக்கத்தினாலதான் நம்புனேன். வேண்டாம். கோழி அடிச்சுக்கிடுதேன். நாளையில இருந்து பெனோவ வரச் சொல்லுதேன். நீ எங்க தெருப்பக்கம் வராத."

ஆட்டோ திரும்பியது. ரெக்சன் கொஞ்ச தூரம் கூடவே ஓடி, "அக்கா, அக்கா" என்றான். பேச்சித்தாய் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அவன் திரும்பி வந்தபோது பைக் இன்ஜின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

சுடலைமணி படியில் நின்று சொன்னான்: "வண்டிதான் சரியாயிட்டுல்லா? சாக்கச் சுருட்டு. எடத்தக் காலி பண்ணு."

"எங்க போவ?"

"மீன வச்சுக்கிட்டு எங்கிட்டாவது போ."

ரெக்சன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். பெட்டியோரத்தில் செருகியிருந்த கத்தியை உருவினான். சாக்கின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நெய்மீனின் கழுத்தில் கத்தியை வைத்து அழுத்தினான்.

"லே, இது என் கடை வாசலு!"

"நீரு மாலை கழட்டுத வரைக்கும் இதுதான் எனக்கு மேலப்பனைவிளை. நாளைக்கும் வருவேன். நாளான்னைக்கும் வருவேன். உள்ள போயி ஷட்டர எறக்கிக்கிடும்."

"போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்பிடும். அவுகளுக்கும் துண்டு போட்டுக் குடுக்கேன். நெய்மீனு! நெய்மீனு துண்டு!"

சுடலைமணி வாயைத் திறந்தான். மாலையைப் பிடித்துக்கொண்டு மூடினான். கொஞ்ச நேரத்தில் ஷட்டர் பாதி வரைக்கும் இறங்கி நின்றது.

முத்துராணி பூச்சரத்தை ஆணியில் மாட்டிவிட்டு, எழுந்து வந்து சாக்கருகில் குத்தவைத்தாள்.

"தலைய எனக்குக் குடு. என் வீட்டுல மாப்பிள்ளையும் கெடையாது, மயிராண்டியும் கெடையாது."